இருபதாவது கிளாம்ப்

தட்டில் இருபது கிளாம்ப் இருந்தது. பத்தொன்பதுதான் இருந்திருக்க வேண்டும்.

இரத்தக்குழாயைக் கவ்விப் பிடிக்கும் அந்த இடுக்கிகளை சிஸ்டர் கையுறை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடியும் எண்ணினாள். இருபதேதான். கொதிகலனிலிருந்து எடுத்து ஒரு மணி நேரமாகியிருந்தது. பத்தொன்பதும் சில்லென்று கிடக்க, ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

கப்பல் ராணுவத்துடையது. வெள்ளையடித்து, உள்ளே படுக்கைகள் போட்டு, சண்டை நடக்கும் கரைக்கு அருகே நிறுத்தியிருந்தார்கள். சிஸ்டர் தன் ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டுத் தொண்டு செய்ய வந்தவள். பதினோரு வருடமாக ஆபரேஷன் தியேட்டரே கதி என்று கிடப்பவள். டாக்டர் திரும்பிப் பார்க்காமல் உள்ளங்கையை நீட்டினால் போதும், கேட்ட கருவி கைப்பிடி முன்னால் வர அதில் போய் உட்காரும். தூக்கத்தில் யாராவது கை நீட்டினாலும் இவள் கொடுத்துவிடுவாள் என்று மயக்க டாக்டர் கிண்டல் செய்வார்.

ஐந்து நாளுக்கு முன், குண்டடி பட்ட ஒரு பெண்ணின் வயிற்றைத் தைக்கும் நேரத்தில் ஒரு கிளாம்ப் குறைந்தது. அந்தப் பெண்ணின் கட்டைவிரலை நீல மையில் தோய்த்துச் சம்மதத்துக்குக் கைநாட்டு வாங்கியதும் சிஸ்டர்தான். வெளியே ஸ்ட்ரெச்சரில் இன்னும் ஆறு பேர் அலறிக்கொண்டிருந்தார்கள்.

"கணக்கு சரியா சிஸ்டர்?" என்று டாக்டர் கேட்டார்.

சரி என்று சொல்லிவிட்டாள். இல்லை என்று சொன்னால் வயிற்றுக்குள் மறுபடி தேட வேண்டும், பதினோரு வருடப் பெயர் ஒரு நிமிடத்தில் கெட்டுப்போகும். ஊரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இவள் இரும்பை ஒருத்தியின் வயிற்றில் மறைத்தாள். படுக்கை போதாது என்று இரண்டே நாளில் அந்தப் பெண்ணைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது இருபதும் கண்முன்னே கிடந்தன. அப்பாடா என்று இருந்தது. எந்தத் துணி மடிப்பிலாவது சிக்கியிருந்திருக்கும். அந்தச் சூட்டைப் பற்றி யோசிக்க அவளுக்கு விருப்பமில்லை.

காலை பத்து மணிக்கு அந்தப் பெண்ணின் புருஷன் படகில் வந்து கப்பலின் ஏணியடியில் நின்றான்.

"வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா. உள்ள ஏதோ கடிக்குதுன்னு கத்துறா. தூக்கிட்டு வரட்டுமா?"

சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைப்பாள். சிஸ்டர் தட்டில் இருந்த இருபதை நினைத்துக்கொண்டாள்.

"வாயுப் பிடிப்பா இருக்கும். இந்த மாத்திரையைக் குடுங்க, சரியாப் போயிடும்."

அவன் நன்றி சொல்லிவிட்டுத் துடுப்பை எடுத்தான்.

பதினோரு மணிக்கு ஒரு சிப்பாயைக் கொண்டுவந்தார்கள். குண்டுச் சிதறல் கிழித்த வயிறு. டாக்டர் திறந்ததும் இரத்தம் பொங்கி, மேசையிலிருந்து தரைக்குக் கொட்டி, கப்பல் சாய்ந்த பக்கமெல்லாம் ஓடி, சிஸ்டரின் செருப்பை நனைத்தது. எங்கும் இரும்பு வாடை. அடித்தளத்தில் இன்ஜின் உறுமியது. அந்த உறுமலுக்கு நடுவே, குடலுக்கு அடியிலிருந்து ஒரு சத்தம்.

டிக். டிக். டிக்.

கிளாம்ப் பல் பல்லாகப் பூட்டிக்கொள்ளும் சத்தம். அது அவளுக்குத் தெரியாதா?

தட்டைப் பார்த்தாள். பத்தொன்பது. இன்னும் ஒன்றைக்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். கரைக்கு ஆள் அனுப்பச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள்.

"கிளாம்ப்," என்று டாக்டர் பார்க்காமலே கையை நீட்டினார்.

சிஸ்டரின் கை அசையவில்லை.

சிப்பாயின் குடலை விலக்கிக்கொண்டு ஒரு கை எழுந்தது. மெலிந்த கை. மணிக்கட்டு வரை இரத்தம். கட்டைவிரலில் அழியாத நீல மை. அது கிளாம்ப்பை, கைப்பிடி முன்னால் வர, டாக்டரின் உள்ளங்கையில் வைத்தது.

"கணக்கு பாத்துக்குங்க சிஸ்டர்," என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

அந்தக் கை சிஸ்டர் பக்கம் திரும்பியது. உள்ளங்கையை விரித்தது. காத்திருந்தது.

அலறத்தான் நினைத்தாள். வாய் திறப்பதற்குள் கை முந்திக்கொண்டது. பதினோரு வருடப் பழக்கம். கத்தியை எடுத்து, கைப்பிடி முன்னால் வர, அந்த உள்ளங்கையில் வைத்தது.

விரல்கள் மூடின. கத்தியின் முனை மெல்ல அவள் வயிற்றுப் பக்கம் திரும்பியது.