தங்கம்மாவின் சம்மதம்

"கேஸ் அடுப்ப ஓஃப் பண்ணிட்டீங்களா?" என்று சுமித்ரா குளியலறையிலிருந்து கேட்டாள்.

"ஒவ்" என்று படுக்கையறையிலிருந்து சிங்களத்தில் பதில் வந்தது, ஆமாம் என்று.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கணவன் கிருஷ்ணராஜ் வீட்டில் சிங்களம் பேசுகிற ஆளில்லை. கைப்பேசியில் கூப்பிட்டாள்.

"இன்னும் பலாங்கொட பஸ்லதான் இருக்கேன். ஏன், என்னா?"

"ஒண்ணுமில்லங்க" என்று வைத்துவிட்டாள்.

மணி நாலுகூட ஆகவில்லை, ஆனால் குருவிட்டவில் மழை பிடித்தால் பகலும் இரவும் ஒன்றுதான். தகரக் கூரையில் விடாமல் விழும் மழையின் இரைச்சல், சுவரில் ஊறிய ஈரத்தின் வாடை, அதற்கும் அடியில் இந்த வீட்டில் இருக்கவே முடியாத ஒப்பரேஷன் தியேட்டர் வாடை, அறுக்குமுன் தோலில் தடவும் அந்த அயடின் வாடை, எல்லாம் படுக்கையறைத் திரைச்சீலைக்குப் பின்னால் தேங்கி நின்றன. குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல நடிக்க வெட்கமாக இருந்தது.

தங்கம்மா. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். வலது சிறுநீரகம் கெட்டுப்போய், சின்னத் துளைகள் வழியே கமெரா விட்டு அதை எடுக்கும் புது முறைக்கு வந்திருந்தாள். மயக்க மருந்துக்கு முன், எந்தப் பக்கம் என்பதை நோயாளியே தன் மொழியில் சொல்லவேண்டும் என்பது விதி. தியேட்டரில் தமிழ் தெரிந்த தாதி சுமித்ரா ஒருத்திதான். அன்றைக்கு வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"டொக்டர் என்னா கேட்டாலும் 'ஒவ்'னு சொல்லிடுங்கக்கா. சீக்கிரம் முடிஞ்சிடும்."

"சரிங்க மிஸ்ஸி."

அறுக்கவேண்டிய பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியை வார்டில் இடப்பக்கம் போட்டிருந்தார்கள். அந்த மாதிரித் தவறைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்வியே. இடப்பக்கமா என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். தங்கம்மா "ஒவ்" என்றாள். நோயாளி உறுதிப்படுத்தினார் என்று சுமித்ரா கையெழுத்துப் போட்டாள். நல்ல சிறுநீரகம் போனது. ஒன்பதாம் நாள் தங்கம்மாவும் போனாள்.

நாளைக்கு விசாரணை. தமிழில் கேட்டேன், இடப்பக்கம் என்றுதான் சொன்னாள் என்று சொல்லிவிடுவதாக சுமித்ரா முடிவு செய்திருந்தாள். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்?

"அக்கா?" என்றாள் திரைச்சீலையைப் பார்த்து.

"ஒவ்."

ஓர் எட்டு கிட்டே போனாள்.

"வலிக்குதா?"

"ஒவ்."

"நாளைக்கு உண்மையச் சொல்லிடவா?"

"ஒவ்."

"என்னைய மன்னிச்சிட்டீங்களாக்கா?"

"ஒவ்."

ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. அப்புறம்தான் யோசித்தாள். அதே குரல். அதே பணிவு.

"பொய் சொல்லிடவா?"

"ஒவ்."

எதற்கும் அதுதான். அவள் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

"போயிடுறீங்களா?"

"ஒவ்."

போகவில்லை. கட்டில் கிறீச்சிட்டது.

திரையை விலக்கினாள்.

அவளுடைய கட்டிலில், பச்சை அங்கியில், தங்கம்மா. நாடாவைத் தானே அவிழ்த்திருந்தாள். இரண்டு விலாவிலும் துளைகள், அறுக்காத வலப்பக்கத்திலும். மூடாத துளைகள்.

"எந்தப் பக்கம் படுக்கணுங்க மிஸ்ஸி?"

இடப்பக்கம் புரண்டாள். வலப்பக்கம் புரண்டாள். சுமித்ராவின் முகத்தையே பார்த்தபடி, மறுபடி இடப்பக்கம் புரண்டாள்.