கொக்கு குடித்த தண்ணீர்

ஸ்டேடியமே எழுந்து நின்று கூத்தாடிக்கொண்டிருந்தபோது, அந்தப் பையன் செத்துக்கொண்டிருந்தான்.

யாரும் கவனிக்கவில்லை.

எப்படிக் கவனிப்பார்கள்? பதினேழு வயதுக்குட்பட்டோர் கால்பந்து, இறுதி ஆட்டம். நம் பையன்களுக்கும் பக்கத்து நாட்டுப் பையன்களுக்கும்! எல்லையில் பெரியவர்கள் முறைத்துக்கொள்வது போதாதென்று, சின்னவர்களை மைதானத்தில் மோத விட்டு அதற்கு 'நட்புக் கோப்பை' என்று பெயரும் வைத்திருந்தார்கள். கூடுதல் நேரமும் சமனில் முடிந்து, பெனால்டி உதைகள்... அதிலும் கடைசி உதை.

பந்து உருண்டுதான் போனது. நடை பழகும் குழந்தைகூடக் காலால் நிறுத்தியிருக்கும். பக்கத்து நாட்டு கோல்கீப்பர் கையைக்கூடத் தூக்கவில்லை.

கோல்!

கோல்கீப்பர் முட்டி போட்டான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். புல்லில் கவிழ்ந்தான்.

'பாவம், தோல்வியைத் தாங்க முடியவில்லை' என்று டிவியில் வர்ணனை வேறு.

அவனுடைய டீம் டாக்டர்தான் முதலில் ஓடி வந்தார். இன்ஹேலரை வாயில் வைத்து அடித்தார். ஏறவில்லை. மறுபடி அடித்தார். உதடு நீலமாகிக்கொண்டே போனது. ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வாசலைத் தொடும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லிப் பையன். நம் ரசிகர்கள் அவனுக்கு வைத்த பெயர் கொக்கு. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் போட்டி முடிவதற்குள் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் காலை, சவக்கிடங்கு.

"விஷம்னு எழுதவா வேண்டாமான்னு யோசனையா இருக்கு" என்றார் பிரேதப் பரிசோதனை டாக்டர்.

"யோசிக்கிறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க, டாக்டர். நீங்க உள்ள என்ன இருந்ததுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னவள் இன்ஸ்பெக்டர். சிரிக்கவே தெரியாதவள் என்று ஸ்டேஷனில் பேச்சு. பக்கத்தில் அவளுடைய ஏட்டு. கால்பந்துப் பைத்தியம். ராத்திரியெல்லாம் அழுதிருந்தது முகத்தில் தெரிந்தது.

"நெஞ்சு படபடப்புக்குக் குடுக்கிற மாத்திரை. எத்தனையோ வீட்டு அலமாரியில கிடக்கும். தண்ணியில நிறையக் கரைச்சிருக்காங்க. நீங்களோ நானோ குடிச்சா கை கால் அசந்துபோகும்... ஓடவே தோணாது. ஆனா இந்தப் பையனுக்கு ஆஸ்துமா. அவனுக்கு இது எமன். மூச்சுக்குழாயை இறுக்கிடும். இன்ஹேலர் மருந்தையும் வேலை செய்ய விடாது."

"ஆஸ்துமா இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"அவங்க டீமுக்கு மட்டும்தான். வெளியே தெரிஞ்சா பையனை ஆட விட மாட்டாங்கன்னு மூடி மறைச்சிருக்காங்க."

மருந்து கலந்த பாட்டில் கோல் கம்பத்தடியிலேயே கிடந்தது. பழைய பச்சை ஜெர்சித் துணியில் உறை தைத்துப் போட்ட பாட்டில். பக்கத்து நாட்டுக்காரனுடையது அல்ல. நம் கோல்கீப்பருடையது!

கம்பத்தில் ஒட்டிக்கொண்டு பந்தைத் தடுப்பதால் அவனுக்குப் பெயர் பல்லி.

"இந்தப் பாட்டில் எப்படி அந்தப் பையன் கைக்குப் போச்சு?"

"பெனால்டியில ரெண்டு கோல்கீப்பருக்கும் ஒரே கோல்தான் மேடம். மாறி மாறி நிப்பாங்க" என்ற ஏட்டு, அன்றைய பேப்பரை நீட்டினார்.

முதல் பக்கத்தில் கால் பக்கத்துக்குப் படம். பல்லி பாட்டிலை நீட்டுகிறான். கொக்கு இரண்டு கையாலும் வாங்குகிறான். இருவரும் சிரிக்கிறார்கள். மேலே கொட்டை எழுத்தில், 'தாகத்துக்கு ஏது எல்லை?'

கிரகச்சாரம்! பேப்பரில் நட்புக்குச் சாட்சியான படம், அதற்குள் கொலைக்குச் சாட்சியாகிவிட்டது. பக்கத்து நாட்டு டீம் மேனேஜர் ஸ்டேஷனிலேயே உட்கார்ந்துவிட்டார். பல்லியைக் கைது செய்யாமல் பிணத்தை எடுக்க மாட்டோம் என்றார். மேலிடத்திலிருந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் மேல் போன்.

பல்லி வீரர்கள் விடுதியில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அழுது வீங்கிய கண்கள். இத்தனைக்கும் அது அவனுடைய நாளாக இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டு கிளப் ஒன்றின் ஏஜென்ட் இவனைப் பார்க்கவென்றே வந்திருந்தார். இறுதி ஆட்டத்தில் நன்றாக ஆடினால் கூட்டிப்போவதாக வாக்கு. பல்லி ஜெயித்துவிட்டான். இன்று கையெழுத்துப் போட வேண்டியவன்.

"அவன் பாட்டில் காலி மேடம். கையைக் காட்டிக் கேட்டான். குடுத்தேன். பாஷை தெரியாது... ஆனா ஒரு வாரமா ஒண்ணாத்தான் திரிஞ்சோம்."

"பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாரு?"

"நான்தான். குழாய்ல."

"உறை தைச்சது?"

பல்லி தரையைப் பார்த்தான். "அம்மா."

ஊசியால் எடுக்க வேண்டியதைக் கோடரியால் வெட்டுவானேன் என்று இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. நேராக அந்த அம்மாவின் தையல் கடைக்கு ஜீப்பை விடச் சொன்னாள்.

முன்னால் தையல் மெஷின், பின்னால் ஒரே அறை. சுவர் முழுக்க மகன் வாங்கிய மெடல்கள். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. காத்திருந்தவள் போல இருந்தாள்.

"நெஞ்சு படபடப்புக்கு மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"ஆமா."

"அட்டையைக் காட்டுங்க."

"காலிங்கம்மா. எல்லாத்தையும் கரைச்சுட்டேன்."

ஏட்டு பேனாவைக் கீழே போட்டார்.

பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை. கணவன் வெளிநாட்டு வேலைக்கென்று போனவன். போனவன் போனவன்தான். இருக்கிறானா செத்தானா என்றுகூடத் தெரியாது. இப்போது மகனும் பெட்டி கட்டுகிறான். ஏஜென்டின் காலில் விழுந்து கேட்டுப் பார்த்தாளாம், மகனை விட்டுவிடச் சொல்லி. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். பெனால்டிக்கு முன்னால் வேலியோரம் மகனைக் கூப்பிட்டு, எலுமிச்சைத் தண்ணீர் என்று சொல்லி அவள்தான் பாட்டிலைக் கொடுத்தாள்.

"நான் முழுங்கினா எனக்குக் கையைத் தூக்க முடியாது. அவனும் அப்படி அசந்துபோய் ரெண்டு கோல் விட்டுட்டா, அந்த ஆளு வேற பையனைத் தேடிப் போயிடுவான்னு நெனச்சேன். பெத்தவ பிள்ளைக்கு விஷம் வைப்பாளா? இன்னொருத்தி பெத்த பிள்ளை அதைக் குடிப்பான்னு நான் கண்டேனா?"

ஜீப்பில் ஏறும்போது இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைத் தூக்குலகூடப் போடுங்க. என் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லாதீங்க. தாகத்துக்குத் தண்ணி குடுத்தோம்னு அவன் நிம்மதியா இருக்கட்டும்."

ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஸ்டேஷனில் பல்லியை வரவழைத்திருந்தார்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பக்கத்து நாட்டு மேனேஜர் மசியவில்லை. அம்மா மகனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றார்.

அவர் வாயை அடைக்கத்தான் ஏட்டு டிவி கம்பெனிக்கு ஓடினார். கோல் வலைக்குப் பின்னால் ஒரு கேமரா பொருத்தியிருந்தார்களாம். கேமராமேனே லேப்டாப்போடு வந்துவிட்டார்.

"பையன் மேல தப்பில்லைன்னு இவங்களே பார்க்கட்டும் மேடம்" என்றார் ஏட்டு, பெருமையாக.

படம் ஓடியது.

வேலியிலிருந்து பல்லி பாட்டிலோடு வருகிறான். மூடியைத் திறக்கிறான். ஒரு வாய் குடிக்கிறான்.

நிற்கிறான்...

புல்லில் துப்புகிறான்!

பாட்டிலுக்குள் பார்க்கிறான். நாக்கைக் கையுறையில் துடைக்கிறான். திரும்பி வேலிப் பக்கம் பார்க்கிறான்... அம்மாவை.

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கம்பத்தடியில் கொக்கின் பாட்டில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் இருந்தது, மூடி இல்லை. பல்லி சுற்றுமுற்றும் பார்க்கிறான். கால் தவறிப் பட்டதுபோல் அதை எத்துகிறான். தண்ணீர் புல்லில் ஓடுகிறது. ஐயோ, மன்னிச்சுக்கோ என்பதுபோல் தலையில் கை வைக்கிறான். பிறகு தன் பாட்டிலை நீட்டுகிறான். சிரிக்கிறான்.

அந்தச் சிரிப்பைத்தான் பேப்பர்காரன் படம் எடுத்திருந்தான்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகப் பல்லியின் பக்கம் திரும்பினாள்.

"என்ன கலந்திருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசிலேருந்து அம்மாவுக்கு அந்த மாத்திரையைப் பல்லுல கடிச்சுப் பாதியாக்கிக் குடுக்கிறவன் நான்தான்." பல்லியின் குரல் உடைந்தது. "அந்தக் கசப்பு எனக்குத் தெரியும் மேடம். அம்மா ஏன் செஞ்சாங்கன்னும் புரிஞ்சிடுச்சு. அவன் சோர்ந்துபோவான்னுதான் குடுத்தேன். ஒரே ஒரு கோல் விட்டாப் போதும், நான் போயிடலாம்னு... சாவான்னு சத்தியமாத் தெரியாது. எனக்கு அவனைப் பிடிக்கும் மேடம்."

மேனேஜர் எழுந்து வெளியே போனார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தார்கள். வராந்தாவில் நின்று அழுதார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாய் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். எழுந்து வந்தாள். மகனை அடிக்கவில்லை, அணைக்கவுமில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"அப்போ... இவன் வெளிநாட்டுக்குப் போக முடியாதாம்மா?"

இன்ஸ்பெக்டர் விலங்குச் சாவியைத் தேடியபடியே சொன்னாள்.

"கவலையே படாதீங்க. உங்க பிள்ளையை உள்ளூர்லயே, கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கிறோம்... அதுவும் கவர்மென்ட் செலவுல!"