எட்டு நாள் பால்

லியாந்த்ரோ அடுப்பு மூட்டினான். முகம் மழித்தான். நேற்றைய ரொட்டியைத் தணலில் வாட்டி, ஆலிவ் எண்ணெய் தடவித் தின்றான். மனைவி இறந்து பதினான்கு மாதமாக இதே வரிசை. எட்டரைக்கு அவள் தங்கை காசில்தா வந்து தட்டச்சுப் பொறியின் உறையை எடுத்தாள். சமோரா நகரில் பழைய பதிவேடுகளைத் துருவி, வாரிசுச் சிக்கல்களை அவிழ்ப்பது அவன் தொழில்.

அது 1935, பிப்ரவரி. முதலில் வந்தவள் ஒரு ரொட்டிக்கடைக்காரி. முப்பது வயது. சட்டைக் கையின் மடிப்பில் மாவு.

"பேரு?"

"பெனித்தா எக்ஸ்போசித்தோ."

காசில்தா நிமிர்ந்தாள். எக்ஸ்போசித்தோ என்றால் 'வெளியே வைக்கப்பட்டவள்' என்று பொருள். அனாதை விடுதிச் சுவரின் சுழல்பெட்டியில் விட்டுப்போன குழந்தைகளுக்கு வைக்கும் குடும்பப் பெயர். அந்த நாட்டில் தாயின் குடும்பப் பெயரும் பிள்ளைகளுக்குச் சேரும்.

"சனிக்கிழமை கல்யாணம். 'என் பேரப்பிள்ளைங்க பேருக்குப் பின்னாடி அந்தச் சுவத்துப் பொந்து ஒட்டிக்கிட்டு வரக்கூடாது'ன்னு மாமனார் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. மாத்திக்கச் சட்டம் இருக்கு. நாளைக்குள்ள புதுப் பேரை எழுதித் தரணும். பொய்ப் பேரு வேணாம்யா. என்னைப் பெத்தவ பேரு வேணும். வேண்டாம்னு போட்டுட்டுப் போனவதான்... இருந்தாலும்."

விடுதிப் பதிவின் நகலை நீட்டினாள். லியாந்த்ரோ சத்தமாகப் படித்தான்.

"1905, பிப்ரவரி 11, விடியல். பெண். தொப்புள்கொடி அப்போதுதான் உதிர்ந்தது. கூடத்தில் பதினான்காவது குழந்தை. மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாலூட்டும் செவிலி ரமோனா லொபாத்தோ பெற்றுச் சென்றாள். விதவை. ஊர் ஃபெர்மோசெய்யே. தன் குழந்தை இறந்ததாகப் பாதிரியார் சான்று. பால்: எட்டு நாள்."

"அதென்ன எட்டு நாள் பாலு? தயிரே புளிச்சிருக்குமே!"

காசில்தா சிரித்துவிட்டாள். "செவிலி பிள்ளை பெத்து எத்தனை நாளுன்னு கணக்கு அது. புதுப் பாலுக்குத்தான் கிராக்கி."

"ரமோனா இருக்காங்களா?" என்றான் லியாந்த்ரோ.

"நவம்பர்ல போயிட்டா. ஏழு வயசுல என்னை விடுதிக்குத் திருப்பிக் கொடுக்கணும். தரமாட்டேன்னு வச்சுக்கிட்டா, மகராசி."

லியாந்த்ரோ ஃபெர்மோசெய்யே தேவாலயத்துக்குத் தந்தி அடித்தான். நகரத்துக் கல்லறைப் பதிவேட்டைத் தானே போய்ப் பார்த்தான். நான்கு மணிக்குப் பதில் தந்தி வந்தது. பெனித்தாவும் வந்தாள்.

"விடுதில முதல்ல வந்த பிள்ளையை முதல்ல கொடுக்கறதுதான் விதி. உங்களுக்கு முன்னாடி பதிமூணு பேரு. ஆனா மறுநாளே நீங்க போயிட்டீங்க. ரமோனா உங்களையே கேட்டு வாங்கியிருக்காங்க."

"அழகான பிள்ளையா இருந்திருக்கும், அத்தான்," என்றாள் காசில்தா.

"இருக்கலாம். ஆனா அந்த ஊர்லேர்ந்து கழுதைல வர அப்ப ரெண்டு நாள் ஆகும். இவங்க பெட்டிக்கு வந்து ஒரே நாள்ல ரமோனா விடுதி வாசல்ல நிக்கிறாங்க. அப்படின்னா பெட்டி சுத்தினப்பவே இந்த நகரத்துலதான் இருந்தாங்க."

"வேற வேலையா வந்திருந்தா?" என்றாள் காசில்தா மறுபடியும்.

"கொடி உதிர ஏறக்குறைய ஒரு வாரம். பிள்ளையோட வயசும் பாலோட வயசும் ஒண்ணு. பாதிரியார் அவங்க பேச்சை நம்பிச் சான்று கொடுத்திருக்காரு; ஆனா இறந்ததாச் சொன்ன பிள்ளையை அந்த ஊர்லயும் புதைக்கலை, இங்கயும் புதைக்கலை." லியாந்த்ரோ தந்தியை மேசையில் வைத்தான். "விதவை பெத்த பிள்ளை. செத்துதுன்னா ஊர் மன்னிக்கும். உயிரோட இருந்தா மன்னிக்காது. அந்தப் பிள்ளையை எங்க வச்சிருப்பாங்க?"

பெனித்தா பதிவின் நகலை மறுபடி கையில் எடுத்தாள்.

"சுவத்துல," என்றாள்.

"ஒரு நாளைக்கு."

காசில்தா மூக்கை உறிஞ்சினாள். "லொபாத்தோன்னா ஓநாய்க்குட்டிதானே? பொந்துல போட்டதைக் காலைல வந்து கவ்விக்கிட்டுப் போயிருக்கா. மாமனார்கிட்டச் சொல்லி வைங்க, கடிக்கும்னு."

பெனித்தா அழுதுகொண்டே சிரித்தாள். படிவத்தை இழுத்து, பெரிய எழுத்தில் 'லொபாத்தோ' என்று எழுதினாள்.

"கடைசியா என்ன சொன்னாங்க?" லியாந்த்ரோ கேட்டான். இது வழக்குக்குத் தேவையில்லாத கேள்வி.

"ஜுரம். பிதற்றறான்னு நெனச்சேன். கடை தொறக்கக் கிளம்பினேன், கையப் புடிச்சுக்கிட்டா. 'காதை மூடிக்கிட்டுப் போ புள்ள. உன்னைப் பெத்த அப்பனுக்கும் குளிர் காதுலதான் ஏறும்.'"