ஆறாத தீக்கு ஓர் உரை

துயிற்பேழையின் மூடி திறந்ததும் அங்கயற்கண்ணிக்கு முதலில் பசித்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பேழையின் விளிம்பில் உட்கார்ந்து கைகால்களைத் தேய்த்துக்கொண்டாள். சுவரில் ஒளிர்ந்த எண் இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன என்றது. பக்கத்துப் பேழைகளில் அவளுக்குப் பின்னால் எழ வேண்டியவர்கள் இன்னும் உறைந்து கிடந்தார்கள்.

காலுக்குக் கீழே, கருங்கல் மலையின் அடிவயிற்றில், அவளுடைய நூற்றாண்டு எரித்து முடித்த அணு எரிபொருள் அடுக்கி மூடப்பட்டிருந்தது. அதன் நஞ்சு அடங்க இன்னும் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். அதுவரை யாரும் அங்கே தோண்டிவிடக் கூடாது. இன்னும் பிறக்கவே பிறக்காத மனிதர்களுக்கு இதை எப்படிச் சொல்லி வைப்பது என்பதுதான் அன்றைய உலகக் குழுவுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. ஒருவர் மலை முழுக்க இரும்பு முட்களை நடலாம் என்றார். இன்னொருவர் மண்டை ஓடு வரையலாம் என்றார்.

மதுரையிலிருந்து போன பாறைப் பொறியாளர் அங்கயற்கண்ணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எகிப்துல அரசர்களோட கல்லறைய எவ்வளவு பூட்டி வச்சாங்க. திருடன் உள்ள போகாமலா இருந்தான்?" என்று கேட்டாள். "எங்க ஊர்க் குகையில ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடி துறவிகளுக்குக் கல்படுக்கை வெட்டிக் கொடுத்தவன் பேர் கல்லுல இருக்கு, எங்களுக்கு இன்னைக்கும் தெரியும். நடுவுல அந்த எழுத்தையே மறந்துட்டோம். ஆனா மொழி உயிரோட இருந்துச்சு, அதனால எழுத்தத் திரும்பப் பிடிச்சுட்டோம். மொழிய உயிரோட வைக்கிறது பாட்டு. பாட்டா எழுதி வைங்க."

அவளே எழுதினாள். இரண்டே அடி. குழு அதைப் பாறையில் வெட்டியது. "அது நிலைக்கிறதா என்று நீங்களே போய்ப் பார்த்துவிடுங்கள்" என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை. துயிற்பேழைக்குத் தன் பெயரைக் கொடுத்தாள்.

பாறையோடு பாறையாகப் பொருந்தியிருந்த கதவைத் திறந்து வெளியே வந்தவள், புதர் மண்டிய பொட்டலைத்தான் எதிர்பார்த்தாள். மலையடிவாரத்தில் ஒரு நகரமே இருந்தது. தெருக்களில் கூட்டம் நெரிந்தது. கூட்டம் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தது.

*பொன்னென்று தோண்டாதே பூமிக்குள் யாம்புதைத்த*
*தென்றென்றும் ஆறாத தீ*

மொழியைப் பெயர்த்துச் சொல்லக் காதில் ஒரு செவித்துணை மாட்டி வந்திருந்தாள். அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். தேவைப்படவில்லை. பேச்சில் சொற்களின் ஓரங்கள் தேய்ந்திருந்தன, இராகம் மாறியிருந்தது. ஆனால் பாட்டில் ஓர் அசைகூடப் பிசகவில்லை. அவள் வெட்டுவித்த கல் எண்ணெய் பூசிப் பளபளவென்று நின்றது. அதைச் சுற்றிலும், ஒவ்வொரு காலத்து எழுத்திலும் அதே பாட்டு பொறித்த தூண்கள் வரிசையாக நின்றன. எழுத்து மாறும்போதெல்லாம் யாரோ வந்து புதுத் தூண் நட்டிருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே நட்டிருக்கிறார்கள். அங்கயற்கண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் குழுவில் இருந்த அத்தனை பேரையும் இழுத்து வந்து இங்கே நிறுத்த வேண்டும் போலிருந்தது.

"அழுறியளே அக்கா, மொத வாட்டி வாறியளா?" என்றது ஒரு குரல்.

உடம்பெல்லாம் புழுதியாக ஒரு பெண் நின்றிருந்தாள். பெயர் ஆதிரை என்றாள். குளம் வெட்டுகிறவள். அவளுக்குப் பின்னால் யானை உயரத்துக்கு ஒரு மண் தோண்டும் எந்திரம், கழுத்தில் மாலையோடு, வெயிலைக் குடித்துக்கொண்டு நின்றது.

"இது எதுக்கு?" என்றாள் அங்கயற்கண்ணி.

"நாளைக்குக் குளம் தோண்டப் போறம். வாற சனத்துக்குத் தண்ணி வேணாமா? இந்தக் கல்லுக்குக் கீழயேதான்."

அங்கயற்கண்ணி கல்லைச் சுட்டிக் காட்டினாள். "தோண்டாதேன்னுதானே எழுதியிருக்கு?"

ஆதிரை அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "பொன்னுன்னுதான் தோண்டப்படாது அக்கா. தண்ணிக்குத் தோண்டலாம். நம்ம முன்னோர் மண்ணுக்குள்ள ஆறாத தீயா தவிக்குறாக. அந்தத் தீய ஆத்துறது நம்ம கடம. அதுக்குத்தான் குளம். மாசாத்தனார் உரைய நீங்க படிச்சதில்லயா?"

அங்கயற்கண்ணி பையிலிருந்து கதிர்வீச்சை அளக்கும் கதிர்மானியை எடுத்துக் கல்லருகே பிடித்தாள். முள் அசையவே இல்லை. ஒரு துளி கசிவுகூட இல்லாமல் மூடியிருக்கிறோம் என்று தன் காலத்தில் மார்தட்டிக்கொண்டவள்தான். இன்று அதனாலேயே காட்டச் சான்று இல்லாமல் போயிற்று. பாறைக்கதவைக் காட்டலாம். காட்டினால் நகரமே உள்ளே இறங்கிவிடும்.

வேறு வழி தெரியாமல், பாட்டுக்குப் பொருள் சொல்ல மாலையில் கூடிய உரையவையில் எழுந்து பேச இடம் கேட்டாள். மாசாத்தனார் பருத்த, மென்மையான மனிதர். தம் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்துக்கொண்டார்.

"ஐயா, இதை எழுதினவங்க மனசுல நீங்க சொல்ற பொருள் இல்லை."

"எழுதினவக மனசு ஒங்களுக்குத் தெரியுமா தாயே?"

"தெரியும். எழுதினதே நான்தான்."

அவையில் யாரும் கேலி செய்யவில்லை. சிலர் தலையசைத்தார்கள். மாசாத்தனார் கனிவாகச் சொன்னார்: "எங்க எல்லாருக்கும் ஒரு நாள் அப்பிடித் தோணிருக்கு. நல்ல பாட்டுன்னா அதுதான."

அங்கயற்கண்ணி எழுந்து நின்றாள். "தோண்டாதேன்னா தோண்டாதே, அவ்வளவுதான். பூமின்னா இந்த மண்ணு. தீன்னா நெருப்பு மாதிரி ஒரு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. தண்ணி பட்டா அது ஆறாது. தண்ணியோட சேர்ந்து உங்க வீட்டுக் குடத்துக்கு வந்துரும். நாங்க சுகமா வாழ்ந்துட்டு, மிச்சத்தை உங்க காலடியில புதைச்சு வச்சோம். அதுக்கு மன்னிப்புக் கேட்கத்தான் பாட்டு எழுதினேன்."

மாசாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் பாட்டை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் வியப்பு இருந்தது.

"நேர்ப்பொருள்" என்றார் மெல்ல. "ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருள். இத்தன தலமுறையில ஒருத்தருக்கும் இந்தத் துணிச்சல் வரலயே."

அவ்வளவுதான், அவை இரண்டாகப் பிளந்தது. நேர்ப்பொருள் கொண்டால் பாட்டில் கவிதை எங்கே இருக்கிறது என்று ஒரு தரப்பு எழுந்தது. எளிமையே கவிதை என்று மறுதரப்பு மேற்கோள்களோடு பாய்ந்தது. நஞ்சு என்ற சொல்லே பாட்டில் இல்லையே என்றார் ஒருவர். அங்கயற்கண்ணி வாய் திறக்க முயன்றாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

அவள் வெளியே வந்தபோது ஆதிரை எந்திரத்தின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"புது உரை வந்துட்டா, பழைய உரைய நம்பி எந்த வேலையும் செய்யப்படாது அக்கா. வழக்கு முடியணும்."

"எப்ப முடியும்?"

"எங்க பாட்டன் காலத்துல 'யாம்'ங்கிறது யாருன்னு ஒரு வழக்கு வந்து, அத நம்பிக் கட்டுன மண்டபம் பாதியில நின்னுபோச்சு. வழக்கு இன்னும் நடக்குது."

அங்கயற்கண்ணி சிரித்தாள். துயிலெழுந்ததிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. இரும்பு முள்ளும் மண்டை ஓடும் இப்படி ஒரு காவலைப் போட்டிருக்குமா? உயிரைக் கொடுத்து ஒரு சொல்லுக்காகச் சண்டை போடும் மனிதர்கள் மலையைச் சுற்றி இருக்கும்வரை ஒரு மண்வெட்டியும் இங்கே இறங்காது. அந்தச் சண்டைக்காரர்கள் அவளுடைய சனம். பெருமையில் நெஞ்சு நிமிர்ந்தது.

"ஒங்களுக்குச் சிரிப்பு. தண்ணிக்கு நான் எங்க போறது?" என்றாள் ஆதிரை.

அது நியாயமான கேள்வி. மறுநாளே இருவரும் மலையைச் சுற்றி நடந்தார்கள். பாறையின் சரிவு எந்தப் பக்கம் விலகிப் போகிறது என்று அங்கயற்கண்ணிக்கு மனப்பாடமாகத் தெரியும். கிழக்கே, மலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஓடைக்கு அப்பால் ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டினாள். ஆதிரை எந்திரத்தை அங்கே திருப்பினாள். ஊற்று பீறிட்ட அன்று இரண்டு பேரும் முழங்கால் சேற்றில் நின்று அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள்.

திரும்பத் துயிலுக்குப் போகுமுன் அங்கயற்கண்ணிக்கு ஒரு கடமை பாக்கி இருந்தது. எச்சரிக்கை புரியாமல் போயிருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பது குழுவின் கட்டளை. ஆதிரையிடம் எழுத்தைக் கற்று, உளியும் வாங்கி, கல்லின் அடியில், இன்றைய எழுத்தில், யாப்பு கீப்பு எதுவும் இல்லாமல் வெட்டினாள்:

*தண்ணீருக்காகவும் தோண்டாதே. இதற்கு வேறு பொருள் இல்லை.*

வெட்டி முடித்து நிமிர்ந்தபோது முதுகுக்குப் பின்னால் மாசாத்தனார் நின்றிருந்தார். அவருடன் உரையவையே வந்திருந்தது. எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள். அவர் குனிந்து, புதுவரியை விரலால் தடவித் தடவி இரண்டு முறை படித்தார். கண் கலங்கிவிட்டது.

"அற்புதம் தாயே" என்றார். "இந்தக் கடைசி வாக்கியத்துலதான் ஒரே ஒரு ஐயம். 'பொருள்'னு நீங்க சொல்றது செல்வத்தத்தான?"