தபேலாவுக்கு வைத்த பொட்டு

ஆயுத பூசைக்கு முந்தின நாள். செல்லூரில் அந்தப் பள்ளிக்கூடத்தில் பொட்டு இல்லாத பொருளே கிடையாது. கேட்டுக்குப் பொட்டு, தண்ணீர் மோட்டாருக்குப் பொட்டு, தலைமையாசிரியரின் ஸ்கூட்டருக்கு மூன்று பொட்டு. எல்லாம் ரெங்கம்மாக்காவின் கைவண்ணம். பள்ளியைக் கூட்டிப் பெருக்கி, மணி அடித்து, அழுகிற பிள்ளைகளுக்கு மூக்கும் துடைத்துவிடுகிற அக்கா அவர்.

அன்று பள்ளியில் கலை நிகழ்ச்சி. மேடைக்குப் பின்னால் வந்த ஆறாம் வகுப்புச் சமீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய தபேலாவுக்கும் பொட்டு!

தபேலா என்றால் இரண்டு. இடது கைக்குக் குண்டாக ஒரு செம்புத் தபேலா. அதன் வயிற்றில்தான் பொட்டு, அது பரவாயில்லை. வலது கைக்கு ஒல்லியாக ஒரு மரத் தபேலா. அதன் தோலின் நடுவில் வட்டமாகக் கருப்பு மை பூசியிருக்கும். அந்த மையின் மேல் ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.

"நல்லாருக்கா தாயி? பொட்டு வைக்கன்னே வட்டமா எடம் விட்டிருந்தாக. அதான் அம்புட்டு பெருசா வச்சேன்" என்றார் ரெங்கம்மாக்கா, முகமெல்லாம் சிரிப்பாக.

சமீனாவுக்கு அழுகை முட்டியது. ஈரம் பட்டால் அந்த மை ஊறிவிடும். ஊறியதில் அடித்தால் பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய துணியால் ஒற்றி எடுத்தாள். சந்தனம் வந்தது, ஈரம் போகவில்லை. காய ஒரு மணி நேரமாவது ஆகும். வகுப்புத் தோழி திவ்யா பாட, அவள் வாசிக்க வேண்டிய மழைப் பாட்டுக்கோ பத்து நிமிடம்தான் இருந்தது.

முன் வரிசையில் அத்தா வந்து உட்கார்ந்திருந்தார். தபேலா வித்வான் நஜீம். ஊர் ஊராகப் போய் மேடையேறுகிறவர், மகள் மேடையில் வாசிப்பதை முதல் தடவையாகக் கேட்க வந்திருந்தார்.

பாட்டு வாத்தியார் ஜெயபாண்டி எட்டிப் பார்த்தார். "யாரு இந்த வேலை பார்த்தது?"

ரெங்கம்மாக்கா சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தார்.

"உறையை மாட்டாமப் போனது நான்தான் சார்" என்றாள் சமீனா. அது பொய்யுமில்லை. தபேலாக்காரர்கள் எழுந்தால் மூடிவிட்டுத்தான் போவார்கள். சமீனா முறுக்குத் தின்னும் அவசரத்தில் போயிருந்தாள்.

"சரி விடு. தபேலா வேணாம். திவ்யா பாடட்டும், நம்ம கைதட்டிச் சமாளிப்போம்."

மூன்று வாரமாகப் பழகிய பாட்டு! சமீனா தபேலாவையே பார்த்தாள். கருப்பு வட்டத்தைச் சுற்றி, விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தோல் காய்ந்துதான் இருந்தது.

"சார், ஓரத்துலயே வாசிச்சிருவேன். நடுவத் தொட மாட்டேன்."

"பாட்டு முழுசுமா? வெரல் வழுக்குச்சுன்னா?"

"வழுக்காது சார்."

சொல்லிவிட்டாள். மேடையில் உட்கார்ந்ததும் வலது விரலை ஓரத்தில் வைத்து அளந்து பார்த்துக்கொண்டாள்.

திவ்யா பாட ஆரம்பித்தாள். சமீனாவின் இடது கை குண்டுத் தபேலாவை அழுத்தி உருட்டியது. தூரத்தில் இடி கேட்டது. வலது விரல் ஓரத்திலேயே தட்டியது. தகரக் கூரையில் தூறல் விழுந்தது. பாட்டு வேகம் பிடித்தது, தூறலும் வலுத்தது. விரல் நடுப்பக்கம் போகப் பார்க்கும்போதெல்லாம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அத்தாவின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பாதிப் பாட்டில் அது நின்றது. கழுத்தை நீட்டி அவள் விரலையே பார்த்தார். கண்டுபிடித்துவிட்டார்!

"சபாஷ்!"

அவர் போட்ட சத்தத்தில் பக்கத்திலிருந்த தலைமையாசிரியர் துள்ளி விழுந்தார்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்கவே இல்லை. அத்தா மேடைக்குப் பின்னால் வந்தபோது ரெங்கம்மாக்கா தானாகவே முன்னால் வந்தார்.

"நான்தான் பாய் சந்தனம் வச்சேன். தெரியாமச் செஞ்சிட்டேன். பாவம், பிள்ள என்னையக் காட்டிக் குடுக்கல."

"ஆசையாத்தான வச்சீங்க? காஞ்சா சரியாப் போகும்மா" என்று சிரித்தார் அத்தா.

பிறகு சமீனாவின் அருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இருவது வருசமா வாசிக்கிறேன். நடுவத் தொடாம ஒரு பாட்டு முழுக்க நான் வாசிச்சதே இல்லம்மா. எனக்குச் சொல்லித் தாரியா?"

சமீனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இருந்தாலும் குரலைக் கனமாக்கிக்கொண்டாள்.

"தாரேன் அத்தா. ஆனா தப்பு விட்டா மறுபடி மொதல்லருந்து வாசிக்கணும்."

நஜீம் வித்வான் கையைக் கட்டிக்கொண்டார்.

"சரிங்க வாத்தியாரம்மா" என்றார்.