முகம் பார்க்காமல் ஓடியவன்

ரொட்டி கவிழ்ந்து கிடந்தது.

காலையில் கீழே இறங்கி வந்த பாஷ்க் முதலில் பார்த்தது அதைத்தான். தட்டையான சோள ரொட்டி, கருகிய அடிப்பக்கம் மேலே தெரிய, மேசை நடுவில் கிடந்தது. பட்டினி கிடந்தாலும் கூரஸ் ஊரில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்க மாட்டார்கள்.

"யாரு இதை இப்படி வெச்சது?"

"நான் வெக்கல. புள்ள விதா இன்னும் எந்திரிக்கவே இல்ல," என்றாள் அவன் மனைவி தீலா. "எலி புரட்டியிருக்கும்."

"ரெண்டு கிலோ ரொட்டியையா?"

"வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா இப்படித்தான். எலி மேலயும் சந்தேகம் வரும்."

அடைந்து கிடந்தது உண்மைதான். பகையாளி வீட்டு லாசெரைச் சுட்ட பிறகு, பழிக்குப் பயந்து, பதினெட்டு நாளாக அவன் வாசலைத் தாண்டவில்லை. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த நாற்பத்தைந்து வருஷமும் இரண்டு குடும்பமும் ஒரே கூட்டுப் பண்ணையில் வாயைப் பொத்திக்கொண்டு உழுதன. ஆட்சி போனதும் மாடுகளைப் பங்கு போட்டார்கள், தொழுவத்து ஓடுகளைப் பங்கு போட்டார்கள், அதோடு விட்டார்களா, தாத்தா காலத்துப் பழியையும் தோண்டி எடுத்தார்கள். பாதி ஊர் இத்தாலிக்குக் கப்பலேறியது. மீதி ஊர் ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்துக்கொண்டது.

கல் வைத்த ஜன்னலின் இடுக்கில் பனிமூட்டம் ஈரக் கம்பளி வாடையோடு கசிந்துகொண்டிருக்க, கீழ்த்தொழுவத்தில் ஆடுகள் வழக்கமாகப் போடும் கூச்சலைக்கூடப் போடாமல் நிற்க, பாஷ்க் தலைக்கு மேலே, யாருமே படுக்காத விருந்தாளி அறையின் பலகையில், ஏதோ ஒரு பாரம் புரள முயன்று முடியாமல் மறுபடி விழும் சத்தத்தைக் கேட்டான். ஒரு உள்ளங்கை பலகையை அழுத்தியது. வழுக்கியது. மறுபடி அழுத்தியது.

அந்தக் கை அவனுக்குத் தெரிந்த கைதான்.

சுட்டவன் செத்தவனை மல்லாத்திப் போட வேண்டும், செத்தவனின் துப்பாக்கியை அவன் தலைமாட்டில் வைக்க வேண்டும், பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகரலாம். மலையில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். முகம் மண்ணில் புதையக் கிடப்பது நாயின் சாவு. பழைய ராணுவப் பதுங்குகுழியின் பக்கத்தில் லாசெர் குப்புற விழுந்தான். பாஷ்க் குனிந்தபோது அவனுடைய ஒரு கை பனியை அழுத்திக்கொண்டிருந்தது. தானே புரண்டு படுக்கப் பார்த்தான். பாஷ்க் பயந்துவிட்டான். ஓடிவிட்டான்.

மதியம் கோல் வந்தார். பழி தீர்க்காமல் இருக்க இரண்டு வீட்டுக்கும் நடுவே முப்பது நாள் தவணை பேசி வைத்தவர். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரே கேள்வி, பாஷ்க். லாசெர் தம்பிங்க இப்பத்தான் வாயைத் தொறக்குறாங்க. மூஞ்சி மண்ணுல கெடந்துச்சாம். நீ அவனைப் புரட்டிப் போட்டியா, இல்லையா? போடலேன்னா தவணை இன்னிக்கே முடிஞ்சுபோச்சு."

"போட்டேன் அண்ணே."

"எது மேல சத்தியம்?"

மேலே சத்தம் நின்றது. கேட்பதற்காகவே நின்றது போலிருந்தது.

"விதா தலை மேல."

தீலா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். கோல் தொப்பியை நெற்றிக்கு இழுத்துக்கொண்டார்.

"சரி. அப்ப நரி கிரி புரட்டியிருக்கும்னு சொல்லிடறேன்," என்று எழுந்து போனார்.

கதவு மூடியதும் தீலா அவன் சட்டையைப் பிடித்தாள். "ஒம்பது வயசுப் பொண்ணு தலை மேலயா? நெஜம்தானே? என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

"நெஜம்தான்." அவன் அடுப்பைப் பார்த்துச் சொன்னான். வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடப் பயமாக இருந்தது. "விதா எங்க?"

"மேல. கஞ்சி குடிச்சா, திரும்பவும் தூக்கம் வருதுன்னு போயிட்டா."

அப்போது மேலே பலகை முனகியது. இந்த முறை தடுமாற்றம் இல்லை. வழுக்கல் இல்லை. ஒரே புரளல். அதன் பிறகு நீளமாக, நிம்மதியாக ஒரு ஆணின் பெருமூச்சு.

பாஷ்க் மரப்படியில் ஏறினான். மூன்றாம் படியில் பனி வாடை. ஐந்தாம் படியில் வெடிமருந்து வாடை. விருந்தாளி அறைக் கதவு திறந்திருந்தது.

விதா தரையில் குப்புறக் கிடந்தாள்.

ஒரு கை பலகையை அழுத்தியது. வழுக்கியது.

"அப்பா." குரல் பலகைக்குள்ளிருந்து வந்தது. "என்னால முடியல. புரட்டிப் போடுங்கப்பா."

அவள் குரல்தான். அவள் பாவாடைதான். அவன் மண்டியிட்டான். தோளைத் தொட்டான். சில்லென்றிருந்தது. புரட்டினான்.

தலைமுடி.

நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் தலைமுடி. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் தலைமுடி. நடுவில் தீலா எடுத்துவிட்ட வகிடு.

தவறு. தன் கண்தான் தவறு. மறுபடி புரட்டினான்.

தலைமுடி.

"எந்திரிச்சாளா?" கீழேயிருந்து தீலா கேட்டாள். "என்னங்க? எந்திரிச்சாளா?"

சின்னக் கை அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"புரட்டுங்கப்பா. மூச்சு முட்டுது."

அவன் புரட்டினான்.