இடக்கை முடிச்சு

புல்லில் ஒரு முடிச்சு இருந்தது. கொலாப் அதைத் தாண்டிப் போய்விட்டாள், பிறகுதான் நின்றாள்.

தாய்லாந்து எல்லையோரத்துப் பைலின் ஊர்ச் சாலைக்குக் கீழே, அவளுடைய மரவள்ளிக் கொல்லை முடிகிற இடத்தில், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நடப்பட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணிவெடி நிலம். அங்கே உயிரோடு போய்த் திரும்புகிறவர்கள் காலடிக்குக் காலடி பக்கத்துப் புல்லை முடிந்துவிட்டு வருவது ஊர் வழக்கம். அடுத்தவர்கள் முடிச்சுக்கு முடிச்சு கால் வைத்துப் போகலாம். அவள் புருஷன் வுத்திக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. இடது கையால்தான் முடிவான். அவன் முடிச்சு மட்டும் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். "நான் முடிஞ்ச பக்கம் கண்ண மூடிட்டு வா புள்ள" என்பான்.

பலகைக்கு அந்தப் பக்கம் இருந்த இந்த முடிச்சும் இடப்பக்கம்தான் சாய்ந்திருந்தது.

வுத்தி இதே நிலத்தில் ஏழாவது முடிச்சைப் போட்டுவிட்டு எட்டாவதற்குக் குனிந்தபோது வெடியில் போனவன். இரண்டு வருஷமாகிறது. வேனிலில் இங்கே எல்லாமே தீப்பிடித்துக் கருகும். இது மழைக்கு முளைத்த ஆறு வாரப் புல்.

உள்ளே எங்கோ அவளுடைய மாட்டின் கழுத்து மரமணி கேட்டது. டொக். டொக்.

"கொலாப்! அங்க என்னடி நிக்கிற?" சாலையிலிருந்து பக்கத்து வீட்டு நாரொன், மோட்டார் சைக்கிளை அணைக்காமலே கத்தினாள்.

"மாடு உள்ள போயிடுச்சுக்கா."

"போனாப் போவட்டும். அதுக்கு நாலு காலு, உனக்கு ரெண்டேதான்டி!"

"அது இல்லாம எப்படிக்கா உழறது? வெடி நிலத்துப் பக்கம்னு எந்த டிராக்டர்காரனும் வரமாட்டேங்கிறானே."

"என்கூட தாய்லாந்துக்குக் கெளம்பு. தெருவே காலியாயிடுச்சு, நீ மட்டும் யாருக்குக் காவல் இருக்க?"

"இங்க புதுசா முடிச்சுப் போட்டிருக்குக்கா. யாரு போனா உள்ள?"

"உன் வீட்டுக்காரர் போனப்புறம் நாய்கூட அங்க போறதில்ல. வீட்டுக்குப் போடி!"

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. மேகம் கவிந்து, சாயங்கால வெளிச்சம் ஈரமண்ணின் நிறத்துக்கு மங்கிக்கொண்டு வர, காலி வீடுகள் வரிசையாய் நின்ற அந்தத் தெருவிலிருந்து அடுப்புப் புகைகூட எழாத அமைதியில், மரமணி மட்டும் பொறுமையாக, கூப்பிடுகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அந்த மாடு போனால் கொல்லை போகும். கொல்லை போனால் அவளும் எல்லை தாண்டித்தான் பிழைக்க வேண்டும்.

முதல் முடிச்சின் பக்கத்தில் கால் வைத்தாள். மண் மெத்தென்று அமுங்கியது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டு. மூன்று. வியர்வை கண்ணில் இறங்கியது. வுத்தியின் சட்டையில் வருகிற புகையிலை வாசனை எங்கிருந்தோ வந்தது. ஆறு. ஏழு.

அதற்கு மேலும் முடிச்சுகள் இருந்தன.

எட்டு. ஒன்பது. மணி இப்போது மிகக் கிட்டத்தில் கேட்டது.

பின்னால் ஏதோ மெல்லும் சத்தம். வலது காலைத் தூக்கியவள் அப்படியே திரும்பிப் பார்த்தாள்.

சிவப்புப் பலகையடியில் அவளுடைய மாடு மரவள்ளி இலையைத் தின்றுகொண்டிருந்தது. கழுத்து வெறுமையாக இருந்தது.

டொக். முன்னால்.

முதல் முடிச்சு அவிழ்ந்தது. காற்றே இல்லை. புல் மெதுவாக நிமிர்ந்து நின்றது. இரண்டாவது. மூன்றாவது. அவள் வந்த வழி கண்ணெதிரே வெறும் புல்லாகிக்கொண்டே வந்தது. ஒன்பதும் அவிழ்ந்தது.

தூக்கிய கால் தூக்கியபடி. கீழே வைக்க இடம் தெரியவில்லை. இடது தொடை நடுங்கத் தொடங்கியது.

மணி நின்றது.

அவளுக்கு முன்னால், ஒரே ஒரு காலடி தூரத்தில், ஒரு கற்றைப் புல் தானாக வளைந்தது. சுற்றியது. இறுகியது.

இடப்பக்கம் சாய்ந்து நின்றது.